பாக் வந்த வீடு

விழுப்புரத்திலிருந்து கடலூர் போகும் பாசஞ்சர் ரயில் பண்ருட்டியைத் தாண்டியதும் மேல்பட்டாம்பாக்கத்தில் நிற்கும். ஒரு பக்கம் தென்பெண்ணை, மறு பக்கம் கெடிலம், நடுவில் கரும்பும் நெல்லும் விளையும் சிறு பேரூராட்சி. மேற்கத்திய இசையைப் பற்றிய கட்டுரையில் இந்த ஊருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. 1860-களில் இங்கே ‘பெத்தானியா’ என்ற பெயரில் ஒரு மிஷன் வளாகம் எழுந்தது. எழுப்பியவர் கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார். லைப்சிக் மிஷனில் பல்லாண்டுகள் பணியாற்றியவர். திருச்சபைக்குள் சாதி வேற்றுமையை அந்த மிஷன் பொறுத்துக்கொண்டதை ஏற்க முடியாமல் வெளியேறி, பட்டாம்பாக்கத்தில் குடியேறி, டேனிஷ் மிஷனோடு சேர்ந்துகொண்டார். இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வரலாறு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

லைப்சிக் என்ற ஊர்ப் பெயரை இசை தெரிந்தவர்கள் சும்மா கடந்துபோக மாட்டார்கள். யோகான் செபாஸ்டியன் பாக் 1723 முதல் 1750-இல் இறக்கும்வரை அங்கே தோமா ஆலயத்தின் இசைப் பொறுப்பில் இருந்தார். ஓக்ஸ் பட்டாம்பாக்கத்தில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், பாக்கின் மொத்தப் படைப்புகளையும் தொகுதி தொகுதியாக அச்சிடும் வேலை லைப்சிக்கில் நடந்துகொண்டிருந்தது. அதற்காக, தென்னாற்காட்டின் கரும்புக் காட்டுக்குள் பாக்கின் இசை அப்படியே வந்திறங்கியது என்று சொல்லிவிட முடியாது. வந்தது அதன் வேர். லுத்தரன் வழிபாட்டில் பாடல் என்பது பாடகர் குழுவுக்கு மட்டும் உரியதல்ல. சபை முழுவதும் எழுந்து நின்று பாட வேண்டும். அந்த எளிய ஜெர்மன் மெட்டுகளைத்தான் பாக் நான்கு குரலுக்கு விரித்து எழுதினார். 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கிய சில ஆண்டுகளிலேயே அம்மெட்டுகளுக்குத் தமிழ்ச் சொற்கள் கிடைத்துவிட்டன. சபை மக்கள் அவற்றை ‘ஞானப்பாட்டு’ என்றார்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் நம் ராகத்தில் கட்டியவை ‘கீர்த்தனை’. ஒரே ஞாயிற்றுக்கிழமையில், ஒரே கூரையின் கீழ், ஒரே ஆட்கள் இரண்டையும் பாடினார்கள். இன்றும் பாடுகிறார்கள்.

ஞானப்பாட்டில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். கீர்த்தனையில் ஒரே குரல் வளைந்து நெளிந்து போகும். இரண்டையும் ஒரே காது கேட்டுப் பழகியிருந்தாலும், இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கும் துணிச்சல் வர வெகுகாலம் பிடித்தது. அது வந்தது கோயிலிலிருந்தும் அல்ல, சபாவிலிருந்தும் அல்ல. சென்னையின் சினிமா ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து.

1986-இல் வெளிவந்த இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்?’ ஆல்பத்தில் பாடகர் இல்லை, பாட்டு இல்லை, படமும் இல்லை. வயலின்தான் நாயகன், சுற்றிலும் தந்திக்குழு. பத்து டிராக்குகள். தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். ‘மௌன ராகம்’ வெளிவந்த அதே ஆண்டு. இளையராஜா ஆண்டுக்கு முப்பது படங்களுக்கு மேல் இசையமைத்துக்கொண்டிருந்த காலம். யாரும் கேட்காமல், எந்த இயக்குநருக்காகவும் அல்லாமல் அவர் இதை எழுதினார்.

அவர் இங்கே வந்து சேர்ந்த பாதை ஊரறிந்தது. பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்து, 1960-களின் இறுதியில் சென்னைக்கு வந்தவர். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை இலக்கணம் படித்தார், லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வு எழுதினார், டி.வி.கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசை கற்றார். அதிகம் பேசப்படாதது, அவருக்கு முன்பே ஸ்டூடியோவில் தயாராக இருந்த ஆட்கள். எம்.எஸ்.விஸ்வநாதன் காலத்திலேயே ஹென்றி டேனியல், ஜோசப் கிருஷ்ணா போன்றோர் வாத்தியக் குழுவை நடத்தினார்கள். நோட்ஸ் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கக்கூடிய வயலின்காரர்கள், செல்லோக்காரர்கள் கோடம்பாக்கத்தில் இருந்தார்கள். சர்ச் ஆர்கனிலும் பாடகர் குழுவிலும் கைபழகி வந்தவர்கள் அவர்களில் கணிசம். காலையில் தாளில் எழுதியதை மதியம் பதிவு செய்யலாம் என்ற வசதி அன்றைய இந்தியாவில் பம்பாயையும் சென்னையையும் விட்டால் அரிது. இந்த வசதி இல்லாமல் அந்த ஆல்பம் இல்லை.

வயலினை நாம் என்றைக்கோ சொந்தமாக்கிக்கொண்டுவிட்டோம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் கற்றது இருநூறு ஆண்டுக்கு முந்தைய கதை. முத்துசுவாமி தீட்சிதரே கும்பினி பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் நாற்பதுக்கு நெருக்கமான ‘நோட்டு ஸ்வர’ சாகித்தியங்கள் செய்தார். ஆனால் அவை மெட்டைக் கடன் வாங்கியவை; அடுக்கைக் கடன் வாங்கவில்லை. வயலின் இங்கே வேர்பிடித்ததற்குக் காரணம் எளிது. அதற்கு வீணையைப் போல் சுரப்படிகள் கிடையாது, கட்டை கிடையாது; விரல் எங்கே வழுக்கினாலும் சுரம் கூடவே வழுக்கும். தரையில் சம்மணமிட்டு, கருவியின் தலையைக் கணுக்காலில் சாய்த்து, தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று மாற்றிக் கட்டியதும் அது வாய்ப்பாட்டின் நிழலாகிவிட்டது. அடுக்கு இசை வேண்டுமென்றால் அதே வயலினை மறுபடி தோளுக்கு ஏற்ற வேண்டும்.

ஏற்றியவர் வி.எஸ்.நரசிம்மன். ‘ராஜபார்வை’யில் (1981) கண் தெரியாத வயலின் கலைஞராகக் கமல்ஹாசன் வாசிப்பதாக நாம் கேட்டது அவருடைய வயலினைத்தான். ‘ஹௌ டு நேம் இட்?’ ஆல்பத்திலும் தனி வயலின் அவர்தான். மேற்கத்திய வில் பிடிப்பும் கர்நாடக விரலும் ஒரே உடம்பில் இருக்கும் ஆள் கிடைக்காமல் போயிருந்தால் எழுதிய தாள் தாளாகவே இருந்திருக்கும்.

இனி, உண்மையான சிக்கல் எது என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். இங்கே பாட்டு வகுப்புக்குப் போகும் குழந்தை முதலில் கற்பது மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. ஒரு கீபோர்டில் ஸ என்பதை ‘சி’ கட்டையில் வைத்தால் அந்த ராகத்தின் ரி, ‘சி’க்கு அடுத்த கறுப்புக் கட்டையில் விழும். மேற்கத்திய முறையில் ஒரு வரி முடிந்து வீடு திரும்பியதைச் சொல்ல ப-நி-ரி என்ற மூன்று சுரங்களைச் சேர்த்து அடித்துவிட்டு ஸ-க-ப-வில் இறங்குவார்கள். முந்நூறு ஆண்டு ஐரோப்பிய இசை இந்த ஒற்றை இறக்கத்தின்மேல் நிற்கிறது என்றால் மிகையில்லை. அதற்கு வேண்டிய ரி வெள்ளைக் கட்டை ரி, அதாவது சதுஸ்ருதி ரி. மாயாமாளவகௌளையில் அது இல்லை. இருக்கிற சுத்த ரியைப் போட்டு ப-நி-ரி அடித்தால் காதில் கடுக்கும். இல்லாத ரியைப் போட்டால் ராகம் செத்துப்போகும். மோகனத்தில் நிலைமை இன்னும் மோசம். அங்கே ம-வும் இல்லை, நி-யும் இல்லை. மேற்கத்திய இசை தன் மூன்று தூண்களாகக் கருதும் கூட்டுச் சுரங்களில் ஒன்றுதான் முழுசாகத் தேறும்.

பெரும்பாலான ‘ஃப்யூஷன்’ முயற்சிகள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன. ராகத்தை மேலே ஓடவிட்டு, அடியில் கிட்டார்காரர் தனக்குத் தெரிந்த கூட்டுச் சுரங்களை, அதாவது கார்டுகளை, அடிப்பார். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருந்தும் முகம் பார்க்காத சம்பந்திகள். இளையராஜாவின் தந்தி எழுத்து வேறு வழியில் போகிறது. கார்டைத் தூணாக நிறுத்தாமல், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அந்த ராகத்துக்குள்ளேயே ஒரு தனி மெட்டு கொடுத்துவிடுவார். வயலின் ஒரு வரி, வயோலா ஒரு வரி, செல்லோ ஒரு வரி. அவை ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் தானாக விளையும் சேர்க்கைதான் அடுக்கு. பாக்கும் இப்படித்தான் வேலை செய்தார். ‘மேட் மாட் மூட் ஃப்யூக்’ என்று ஒரு டிராக்குக்கே பெயரிட்டிருப்பது காரணத்தோடுதான். ஃப்யூக் என்பது ஒரு சிறு மெட்டை ஒரு குரல் தொடங்கி வைக்க, அது முடியும் இடத்தில் இரண்டாம் குரல் அதே மெட்டை வேறு சுருதியில் எடுத்துக்கொள்ள, பிறகு மூன்றாவது, நான்காவது என்று துரத்திப் பிடிக்கும் வடிவம். அதற்கு இலக்கணம் உண்டு. ராகத்துக்கும் இலக்கணம் உண்டு. இரண்டு இலக்கணத்துக்கும் ஒரே நேரத்தில் கட்டுப்பட்டால் எழுத இடம் மிகக் குறுகிப்போகும். அந்தக் குறுகல்தான் இந்த இசையில் கேட்கும் ஏக்கத்துக்குக் காரணம் என்று படுகிறது. ஐரோப்பியக் காது எதிர்பார்க்கும் அந்த இறக்கம் வரவே வராது. வரப்போகிறது என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருக்கும். சோக ராகம் என்று தனியாக ஒன்றைத் தேடிப் போக வேண்டியதில்லை.

‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற டிராக் பலருக்கும் பிடித்தது, சிலருக்குப் பிடிக்காதது. பாக்கின் தனி வயலினுக்கான மூன்றாம் பார்த்தீத்தாவின் முதற்பகுதி ஓட, அதன்மேல் நரசிம்மனின் வயலின் கர்நாடக பாணியில் தன் போக்கில் பாடுகிறது. ஒரு மகாமேதையின் எழுத்தின்மேல் இன்னொருவர் எழுதலாமா என்ற கேள்வி எழாமல் இருக்காது. பாக்கே இதற்குப் பதில் சொல்லிவிட்டார். 1720-இல் தனி வயலினுக்கு எழுதிய அதே பகுதியை 1731-இல் அவர் ஆர்கனுக்கு மாற்றி, சுற்றிலும் தந்திகளும் எக்காளங்களும் முரசும் சேர்த்து, லைப்சிக் நகர மன்ற வழிபாட்டுக்கான ஒரு கான்டாட்டாவின் முகப்பாக வைத்தார். நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து ஷூமன் பாக்கின் தனி வயலின் படைப்புகளுக்குப் பியானோ துணை எழுதினார். கூனோ பாக்கின் வேறொரு முகப்பிசையின்மேல் ஒரு மெட்டைப் பாடவிட்டார். உலகம் முழுக்கக் கல்யாணங்களில் ஒலிக்கும் ‘ஆவே மரியா’ அதுதான். ஆக, இளையராஜா செய்தது புனிதத்தைக் கெடுக்கும் வேலையல்ல. பாக் வீட்டுக்கு வந்துபோகும் நீண்ட வரிசையில் இவரும் ஒருவர்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஷூமனும் கூனோவும் பாக் பேசிய மொழியிலேயே பேசினார்கள். அந்த முகப்பு மேற்கத்திய ‘ஈ மேஜர்’, நம் கணக்கில் சங்கராபரணத்தின் சுரங்கள். போகப் போக அது துணை மைனருக்கு நகர்கிறது. நம் முறையில் சொன்னால் த-வை ஸ-வாக வைத்துக்கொண்ட கிரகபேதம், நடபைரவி. பாக் வேறொரு ஸ-வில் போய் உட்கார்ந்துகொள்ள, தம்புராவில் வளர்ந்த காது பழைய ஸ-வை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். இந்த இழுபறியைச் சமாதானம் செய்து மழுப்பாமல் கேட்பவர் காதுக்கே விட்டுவிட்டதுதான் இந்த டிராக்கின் பலம். அடுத்த டிராக்கின் பெயர் ‘அண்ட் வி ஹேட் எ டாக்’. பேச்சு நடந்தது என்கிறார்; உடன்பாடு ஏற்பட்டது என்று சொல்லவில்லை.

இப்படிப்பட்ட இசையை எங்கே உட்கார்ந்து கேட்பது? ஐரோப்பாவில் சேம்பர் இசை என்றாலே ஒரு கூடம், நூறு நாற்காலி, இருமலை அடக்கிக்கொண்டு கேட்கும் சபை. அதை உடைத்தவர்களும் அங்கேயே உண்டு. 1917 வாக்கில் பாரிசில் எரிக் சத்தி, மேசை நாற்காலி மாதிரி அறையில் சும்மா இருக்கும் இசை வேண்டும் என்றார். 1975-இல் விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்த பிரையன் ஈனோ, தோழி போட்டுவிட்டுப் போன யாழிசைத் தட்டு மிகச் சன்னமாக ஒலிக்க, எழுந்து சத்தத்தைக் கூட்ட முடியாமல் அப்படியே கேட்டார். ஜன்னலுக்கு வெளியே பெய்த மழையோடு அதுவும் ஒரு ஒலியாகக் கலந்தது. 1978-இல் விமான நிலையங்களுக்கென்றே ஒரு ஆல்பம் செய்தார். இன்று மாக்ஸ் ரிக்டர் போன்றோரின் பியானோ-தந்தி ஆல்பங்களைப் படிக்கும்போதும் தூங்கப்போகும்போதும் லட்சக்கணக்கானோர் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்துக்கு வித்து சத்தியும் ஈனோவும் போட்டது.

தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட கூடமும் இல்லை, அதை உடைக்க வேண்டிய தேவையும் இல்லை. சபாவை விட்டால், இங்கே வாத்திய இசை பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று நடக்கும்போது ஒலிப்பதுதான். கல்யாணத்தில் நாதஸ்வரம், சாவுக்குப் பறை, படத்துக்குப் பிஜிஎம். மேல்பட்டாம்பாக்கத்துக்குத் தென்மேற்கே, பண்ருட்டி தாண்டிப் போனால் நெய்வேலி. மைன்ஸில் சக்கரவாளி எந்திரமும் கன்வேயர் பெல்ட்டும் மூன்று ஷிப்டும் ஓடும்; டவுன்ஷிப்பில் வட்டத்துக்கு வட்டம் மரநிழல். எண்பதுகளில் எந்தத் தமிழ் ஊரையும் போலவே இங்கும் இசை கேசட்டில்தான் வந்தது. பட்டியல் எழுதிக் கொடுத்தால் காலி கேசட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடைகள் அன்று எல்லா ஊரிலும் உண்டு. நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்கப்போகிறவர் வீட்டில் டேப்ரெக்கார்டர் சத்தம் குறைந்துதான் இருக்கும். ஈனோவுக்கு விபத்தில் கிடைத்த ஞானம் ஷிப்டு வீடுகளுக்கு நடைமுறை.

‘ஹௌ டு நேம் இட்?’ தன் சரியான அறையைக் கண்டடைந்தது 1988-இல். பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தில் பாட்டே கிடையாது. புதிதாகப் பின்னணி இசையும் எழுதப்படவில்லை. இந்த ஆல்பத்தின் பகுதிகளையே இயக்குநர் எடுத்துப் பயன்படுத்தினார். சென்னையில் வாடகை வீட்டிலிருந்து வெளியேற வேண்டிய நிலையில் சுதா என்ற பெண் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டப் படும் பாடு, அவ்வளவுதான் கதை. செங்கல், சிமெண்ட், காண்டிராக்டர், கடன். சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் படத்துக்கு வந்தது. சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பாதி கட்டி நிற்கும் வீட்டைத் தனியாகப் பார்க்க வருகிறார். பூச்சு இல்லாத சுவர்களுக்கு நடுவே அறை அறையாக நடக்கிறார். வசனம் தேவைப்படவில்லை.

அந்தக் காட்சிக்கென்று எழுதியிருந்தால் இந்த இசை இவ்வளவு பொருந்தியிருக்குமா என்பது சந்தேகம். படத்துக்கு எழுதும் இசை காட்சியின் நீளத்தை அறியும். எங்கே அழ வேண்டும் என்று அதற்குத் தெரியும். இதுவோ அவை எதுவும் தெரியாத இசை. முடிவதற்குத் தவிக்கும், முடிய மறுக்கும் தந்திகள், முடிக்கப்படாத ஒரு கட்டடத்தோடு சேர்ந்துகொள்கின்றன. தாத்தாவின் முகத்துக்கு அவை எந்த விளக்கமும் தருவதில்லை. ‘வீடு’ படத்தைப் பார்த்துவிட்டுத்தான் இந்த ஆல்பத்தைத் தேடிப் போனவர்கள் தமிழில் ஏராளம்.

1988-இலேயே ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’ வந்தது. பெரிய வாத்தியக் குழு, அகலமான ஒலி. கேட்க இன்னும் இனிமையானது. ஆனால் முதல் ஆல்பத்தின் இறுக்கம் அதில் இல்லை. 1993-இல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் குழுவோடு பதிவான சிம்பொனி வெளியாகவில்லை. 2005-இல் புடாபெஸ்ட் குழுவோடு ‘திருவாசகம்’, 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ‘வேலியண்ட்’ சிம்பொனி அரங்கேற்றம். செய்தித்தாள்கள் முதல் பக்கத்தில் போட்டது கடைசியில் சொன்னதைத்தான். அளவில் பெரியதே உயர்ந்தது என்ற எண்ணம் நம்மை விடவில்லை.

நால்வர் அளவிலேயே நின்று தொடர்ந்தவர் நரசிம்மன். தொண்ணூறுகளில் அவர் தொடங்கிய மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட், தியாகராஜர் கிருதிகளையும் பிறவற்றையும் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோவுக்கு எழுதி வாசித்தது. நால்வரும் நாற்காலியில், வயலினும் வயோலாவும் தோளில், எதிரே ஸ்டாண்டில் நோட்ஸ். முதல் வயலின் கிருதியைக் கமகத்தோடு பாட, மற்ற மூவர் அந்த ராகத்தை மீறாமல் அடுக்குகிறார்கள். மேற்கத்திய நொடேஷனில் கமகத்தை முழுசாக எழுத வழியில்லை. தோடியின் க எப்படி அசைய வேண்டும் என்பதைத் தாள் சொல்லாது, கேட்டு வளர்ந்த கைதான் சொல்லும். இன்று தமிழ்ப் படங்களுக்குத் தந்தியிசை புடாபெஸ்டிலும் மாசிடோனியாவின் ஸ்கோப்யேயிலும் பதிவாகி இணையத்தில் வந்து சேர்கிறது. எழுதியதை அந்தக் குழுக்கள் சுத்தமாக வாசிக்கும். எழுதாததை வாசிக்க அங்கே ஆள் இல்லை.

பியானோவின் பாடு இதைவிடக் கஷ்டம். சென்னை மவுண்ட் ரோட்டில் இன்றும் நிற்கும் மியூசி மியூசிக்கல் 1842-இல் தொடங்கிய கடை. பியானோ இந்த ஊருக்குப் புதியதல்ல. ஆனால் கட்டைக்கும் கட்டைக்கும் இடையில் அதற்கு ஒன்றுமில்லை. அதே காரணம் சொல்லித்தான் 1940 முதல் முப்பது ஆண்டுகள் ஆர்மோனியத்தை வானொலி ஒதுக்கி வைத்தது. கீபோர்டு சத்யநாராயணன் இடது கையால் பிட்ச் சக்கரத்தைத் திருப்பி சுரத்தை வளைத்து முழுக் கச்சேரியே செய்துகாட்டினார், வித்தைக்குக் குறைவில்லை. அனில் சீனிவாசன் சிக்கில் குருசரணோடு சேர்ந்தபோது எடுத்தது நேர்மாறான வழி. ‘மதிராக்ஷி’ ஆல்பத்தில் பியானோ பாட்டைத் துரத்துவதில்லை. குருசரண் கமகத்தோடு ஒரு வரியைப் பாடி முடிக்கும் இடத்தில் இரண்டு மூன்று சுரங்களை வைத்துவிட்டு, பெடலை மிதித்தபடி அவை அடங்கும்வரை பொறுத்திருக்கிறது.

மேல்பட்டாம்பாக்கம் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது சர்ச்சில் கற்றுக்கொள்வது பெரும்பாலும் கீபோர்டுதான். ஞானப்பாட்டுக்கு நான்கு குரல் கார்டைப் பிடிப்பார்கள். கீர்த்தனை வந்ததும் ஒரு கையை எடுத்துவிட்டு ஒற்றை மெட்டாக வாசிப்பார்கள். யாரும் சொல்லிக் கொடுத்துச் செய்வதில்லை.